திண்ணையில் வரைந்த ஜமக்காளம்

என் மகளுக்கு ஒரு வயது நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் வீட்டு முகப்பில் ஒரு ஜமக்காளம் வரைந்தேன். நெய்த ஜமக்காளம் அல்ல. மரத்தரை மேல் பெயிண்டால் வரைந்தது. அந்த வேலையில் நான் கிளப்பிய தூசியால் அவள் ரத்தத்தில் ஈயம் ஏறியது. எப்படி ஏறியது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினெட்டு நாள் வாய் திறக்காமல் இருந்தேன். அந்தப் பதினெட்டு நாளும் பழி என் அம்மாவின் தலையில் இருந்தது. நடுவில் எங்காவது நழுவிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பவானிக்காரன். காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. அப்பா முப்பத்தாறு வருடம் ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தவர். தரையில் குழி வெட்டி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழித்தறி. அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஊடை நூலின் நிறம் மாற மாறப் பட்டை விழுந்துகொண்டே வரும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்காருவதும் அதில்தான், பந்தியில் சாப்பிட உட்காருவதும் அதில்தான், கடைசியில் எழவு வீட்டில் வாசலில் விரிப்பதும் அதைத்தான்.

இப்போது இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். 2021-இல் நாங்கள் வாங்கிய வீடு 1924-இல் கட்டியது. முன்பக்கம் மரப்பலகை பாவிய நீளமான முகப்பு, கைப்பிடி மரச்சட்டம், மூன்று படி. இங்கே அதைப் போர்ச் என்பார்கள். எனக்கு அது முதல் நாளே திண்ணை ஆகிவிட்டது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் கையசைப்பார்கள். ஊரில் இருப்பதுபோல இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளம் ஒன்றை முதல் கோடையில் அங்கே விரித்தேன். சாரல் அடித்து அடித்து ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது.

இந்த நாட்டில் திண்ணைத் தரையிலேயே கம்பளம் வரைவது பலருக்கு வழக்கம். மழையில் நனையாது, காற்றில் பறக்காது, துடைத்தால் போதும். இது இன்று நேற்று வந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டில் நெய்த கம்பளம் விலை அதிகம் என்பதால் கித்தானில் பெயிண்ட் பூசி வீட்டுக்குள் விரித்தார்கள். சிலர் நேராகப் பலகையிலேயே பட்டையும் கட்டமும் போட்டார்கள். அந்தக் காலத்துப் பெயிண்ட் பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயில் வெள்ளை ஈயத்தைக் குழைத்தது. இதைப் பிற்பாடு படித்தேன். அன்றைக்குப் படித்திருந்தாலும் என் கை நின்றிருக்குமா என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால், என்னை நிறுத்த வேண்டிய விஷயங்கள் வேறு மூன்று என் கண்ணெதிரிலேயே இருந்தன.

முதலாவது, வீடு வாங்கியபோது கொடுத்த காகிதம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் கலப்பதை 1978-இல் தடை செய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீட்டை விற்கிறவர், ஈயப் பெயிண்ட் பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு விளக்கக் கையேடும் தர வேண்டும். சோதித்துப் பார்க்க வாங்குகிறவருக்குப் பத்து நாள் அவகாசமும் உண்டு. எனக்கு அவகாசம் வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். கையேட்டை அலமாரியில் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாவது, நான் வாங்கிய பெயிண்ட் டப்பா. பழைய பெயிண்டைச் சுரண்டினாலோ தேய்த்தாலோ ஈயத் தூசி கிளம்பலாம், ஈயம் விஷம் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. மூன்றாவது, அதே கடையில், பெயிண்ட் அலமாரிக்கு எதிர் அலமாரியில் தொங்கிய சோதனைக் குச்சி. பழைய பெயிண்டில் தேய்த்தால், ஈயம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும். விலை பத்துப் பதினைந்து டாலர். அதைக் கையில் எடுத்தேன். பின்பக்கம் எழுதியிருந்ததையும் படித்தேன். திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.

ஏன் மாட்டினேன் என்பதை எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். பணம் காரணமில்லை. நிறம் மாறிவிட்டால் வேலை நின்றுவிடும் என்பதுதான் காரணம். அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக விமானம் ஏறி வருகிறார்கள். அவர்கள் வர நான்கு வாரம்தான் இருந்தது. அப்பா காரை விட்டு இறங்கியதும் திண்ணையில் ஜமக்காளத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சி என் மனதில் அப்படி ஊறிப்போயிருந்தது. அதைக் கெடுக்கக்கூடிய எந்தச் செய்தியும் எனக்கு வேண்டாமாக இருந்தது.

மனைவி கேட்டாள்: “பழைய வீடாச்சே, பெயிண்ட்ல லெட் இருக்குமான்னு பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல” என்றேன்.

2023 மே மாதம், ஒரு சனியும் ஞாயிறும். வாடகைக்குத் தேய்ப்பு மெஷின் எடுத்துவந்தேன். மேலே இருந்தது சாம்பல் நிறம். மெஷின் இரண்டு சுற்று சுற்றியதும் சாம்பல் போய் ஒரு பச்சை வந்தது. அதன் கீழே செங்கல் நிறம். அதற்கும் கீழே, மரத்தோடு ஒட்டி, பாலாடை போல ஒரு மங்கல் வெள்ளை. அழுத்தம் கூடிய இடங்களில் இந்த நான்கும் ஒன்றுக்குள் ஒன்று வளையமாகத் தெரிந்தன. தொண்ணூற்றொன்பது வருடத்து வீடு, யார் யாரோ பூசியது. நான் அதை ரசித்தேன். கைப்பேசியில் படம்கூட எடுத்தேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. தூசி மைதா மாவு போல இருந்தது, இளம்பச்சையாக. கை முடியிலும் கண் இமையிலும் ஒட்டியது. காற்று வீட்டுப் பக்கமாக அடித்தது. ஹால் ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்ததை ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கவனித்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே பாப்பா தவழும் விரிப்பு.

ஜன்னலைச் சாத்தினேன். விரிப்பை எடுத்து உதறினேன். தென்னந்துடைப்பம் போட்டுத் திண்ணையைக் கூட்டினேன். வீட்டு வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து பலகை இடுக்கில் ஓட்டினேன். சாதாரண வாக்குவம் கிளீனர் பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு, நுண்ணிய தூசியைப் பின்பக்கமாகக் காற்றில் திரும்ப விட்டுவிடும் என்பது கையேட்டில் இருக்கிறது. உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது, நீர் தெளித்து நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், கீழே கனமான பிளாஸ்டிக் விரிக்க வேண்டும், ஜன்னல் கதவுகளை மூடி ஒட்ட வேண்டும், குழந்தை அந்தப் பக்கமே வரக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. 2010 முதல், இத்தகைய பழைய வீடுகளில் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் இதற்கென்று பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். சொந்த வீட்டில் தானே செய்கிறவனை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அவன் தன் குழந்தைக்குக் கேடு செய்ய மாட்டான் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அதன்பின் நடந்தது சந்தோஷமான வேலை. அந்தச் சந்தோஷத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரைமர் ஒரு கை, சாம்பல் நிறம் இரண்டு கை. நடுவில் எட்டடிக்கு ஐந்தடி அளந்து, நூல் அடித்து, மூலைக்கு மூலை அளந்து சதுரம் பார்த்தேன். மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் விளிம்பை விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தேன். இல்லையென்றால் பெயிண்ட் அடியில் ஓடிக் கோடு பிசிறடிக்கும். ஒரு பட்டை காய்ந்தபின்தான் அடுத்த பட்டை. வேலை விட்டு வந்து, இரவு பத்து மணி வரை திண்ணை விளக்கின் கீழே முழங்கால் போட்டு. இரண்டு தலைப்பிலும் சின்னத் தூரிகையால் குஞ்சம் போட்டேன். ஒவ்வொரு குஞ்சத்துக்கும் நான்கு இழை, ஒரு முடிச்சு, முடிச்சின் கீழே ஒரு நிழல். கடைசியாகத் தெளிவான மேற்பூச்சு. நாயைக் கூட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டுப் பெரியவர், அது நிஜத் துணி என்றே நினைத்துக் கேட்டார்.

ஜூன் முதல் வாரம் அப்பா வந்தார். நான் எதிர்பார்த்தது போலவே படியில் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பட்டையின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு சொன்னார்: “சேப்புக்கும் பச்சைக்கும் நடுவுல கருப்பு ஊடை ஒண்ணு ஓட்டோணும் கண்ணு. இல்லீன்னா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும்.” மறுநாள் தூரிகை கேட்டு வாங்கினார். டேப் வேண்டாம் என்றுவிட்டார். எழுபது வயதில் கை நடுங்காமல், எல்லாப் பட்டைக்கும் நடுவில் கருப்புக் கோடு போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. அதற்கப்புறம்தான் அது பவானி ஜமக்காளம் ஆனது.

அந்த மாதம் முழுக்க என் மகள் அதன் மேல்தான் வளர்ந்தாள். அம்மா அவளை நடுவில் உட்கார வைத்து, பருப்பு சாதத்தை உருட்டி உருட்டி ஊட்டுவார். அவள் தவழ்ந்து விளிம்புக்குப் போவாள். பலகை இடுக்கில் விரலை விட்டு நோண்டுவாள். கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்து நின்று, பல் முளைக்கும் ஈறால் அதைக் கடிப்பாள். விரலை வாயில் வைத்துக்கொள்வாள். அவளைத் தூக்கும்போதெல்லாம் என் மனதுக்குள் ஏதோ ஒன்று இடறும். மேலேதான் மேற்பூச்சு அடித்தாயிற்றே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஈயச் சேர்மங்கள் சிலவற்றுக்கு ஒரு இனிப்புச் சுவை உண்டு. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பில் சேருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சிறு குழந்தை உடம்பில் பாதி வரை சேரும்.

ஜூலையில் ஒரு வயதுப் பரிசோதனை. காத்திருக்கும் இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 1978-க்கு முன் கட்டிய, அண்மையில் பழுதுபார்ப்பு வேலை நடந்த வீட்டில் குழந்தை வசிக்கிறதா என்று ஒரு கேள்வி. மனைவி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். பேனா என் கையில். ‘ஆம்’ என்று குறியிட்டால் அவள் எட்டிப் பார்ப்பாள், சோதித்ததாகச் சொன்னீர்களே என்பாள். ‘இல்லை’ என்று குறியிட்டேன்.

நியூ ஜெர்சியில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்பது விதி. படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் பார்ப்பார்கள். என் மகளை அந்த விதிதான் காப்பாற்றியது, நான் இல்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் 14 வந்தது. கைநரம்பில் எடுத்து உறுதி செய்தபோது 11. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்ற கணக்கு அது. 2021 முதல் இங்கே 3.5-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 3.5-க்குக் கீழே இருந்தால் கெடுதல் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நாட்டின் சிறு குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் அதற்கு மேல் இருந்தது என்பதால் வைத்த கோடு. குழந்தைக்கு இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. அது வளரும் மூளையைத் தொடுகிறது. படிப்பு, கவனம், புத்திக்கூர்மை எதில் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று தனி ஒரு குழந்தையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். மனைவி ஒலிபெருக்கியில் போட்டாள். இந்தியக் குடும்பம் என்றதும் அவர் கேட்ட கேள்விகள்: ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் உண்டா? கண்மை வைப்பீர்களா? பித்தளைப் பாத்திரம், நாட்டு மருந்து, குங்குமம்? கேட்டது நியாயம். நிறம் கூட்டிக்காட்ட மஞ்சளில் ஈயக் குரோமேட் கலக்கும் அநியாயம் நம் பக்கத்து நாடுகளில் நடந்திருக்கிறது. சில வகைக் கண்மையிலும் ஈயம் இருந்திருக்கிறது. கடைசியாக, வீட்டில் பெயிண்ட் வேலை ஏதும் நடந்ததா என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். “போர்ச்சில் கொஞ்சம் பெயிண்ட் அடித்தோம்” என்றேன். தேய்த்ததைச் சொல்லவில்லை.

அன்று இரவே வீட்டில் ஒவ்வொரு பொருளையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தோம். மனைவிக்குக் கும்பகோணத்திலிருந்து அவள் அம்மா கொடுத்த ஈயச் சொம்பு முதலில் அடுப்பை விட்டு இறங்கியது. அதில்தான் ரசம் வைப்பாள். ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. விஷமானது காரீயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகியதால், அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்குக் கை நடுங்கிவிட்டது. ‘ஈயம் ஈயம்னு சொல்றாங்களே, நானே தினமும் அதுல காய்ச்சிக் குடுத்திருக்கேனே’ என்று அழுதாள். காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு என்று எனக்கு விளக்கத் தெரியும். விளக்கினேன். அதோடு அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்தது அம்மாவின் மஞ்சள். ஈரோட்டுச் சந்தையில் விரலி மஞ்சளாகப் பார்த்து வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் நின்று தன் கண் முன்னால் அரைத்து வாங்கிய மஞ்சள். பேத்திக்கு வேறு மஞ்சள் ஆகாது என்று இரண்டு கிலோ சுமந்துவந்திருந்தார். மருமகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “ரிசல்ட் வர்ற வரைக்கும் வேண்டாங்க அத்தை” என்று மட்டும் சொன்னாள். பரிசோதனைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு, மீதியை எடுத்து ஓரமாக வைப்பதாகத்தான் பேச்சு. மறுநாள் காலை நான் காபி குடிக்க இறங்கியபோது, அம்மா குப்பைத் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். டப்பாவைக் கவிழ்த்து, ஓரத்தில் ஒட்டியதை விரலால் வழித்து விட்டார். பிறகு விரலை ஏழெட்டுத் தரம் சோப்பு போட்டுக் கழுவினார். நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “காபி போடட்டுமா கண்ணு?” என்றார். போடுங்கம்மா என்றேன்.

நான் செய்த தப்பில் பெரியது எது என்று யாராவது கேட்டால், தேய்ப்பு மெஷினைச் சொல்ல மாட்டேன். அந்தக் காபியைக் குடித்ததைச் சொல்வேன்.

அன்றிலிருந்து அம்மா பாப்பாவுக்கு ஊட்டுவதை நிறுத்திவிட்டார். கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு போயிற்று. பாப்பா தூக்கச் சொல்லிக் கை நீட்டினால், “அம்மாகிட்ட போ சாமி” என்று திருப்பி அனுப்புவார். ஒருநாள் இரவு ஊருக்கு, சின்னம்மாவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது மாடிப்படியில் எனக்குக் கேட்டது: “நான் கொண்டாந்ததுலதான் என்னமோ இருந்திருக்குது புள்ள. வயசான காலத்துல இப்படி ஒரு பாவத்தைத் தேடிக்கிட்டேன்.” படியிலேயே நின்றேன். மேலே ஏறிப் போய்ப் படுத்துக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாள் காலையிலும் நினைப்பேன். ஒருநாள் தள்ளிப்போன உண்மை மறுநாள் இன்னும் கனக்கும். நேற்றே ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே. அதற்குப் பயந்து இன்னொரு நாள். அப்படியே பதினெட்டு.

பதினெட்டாம் நாள் வீட்டைப் பார்க்க ஆய்வாளர் வந்தார். கையில் துப்பாக்கி போன்ற ஒரு கருவி. சுவரில், கதவில் அழுத்திப் பிடித்தால் எக்ஸ் கதிர் அனுப்பி, எத்தனை அடுக்குக்குக் கீழே ஈயம் இருந்தாலும் எண்ணாகச் சொல்லிவிடும். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் ஈயப் பெயிண்ட் என்று கணக்கு. ஹால் சுவரில் ஒன்றுமில்லை. ஜன்னல் சட்டத்தில் இருந்தது. திண்ணைக் கைப்பிடியில் அதைவிட அதிகம். திண்ணைத் தரையில், ஜமக்காளத்துக்கு வெளியே பெயிண்ட் உரிந்த ஒரு மூலையில் வைத்தார். எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஜமக்காளத்தைக் காட்டி, அழகாக இருக்கிறது, எப்போது வரைந்தது என்று கேட்டார். மே மாதம் என்றாள் மனைவி. முதலில் சோதித்துவிட்டுத்தான் செய்தார் என்றும் சொன்னாள். என்ன சோதனை என்று அவர் என்னிடம் கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். சோதிக்கவில்லை என்றேன். உலர்ந்த தரையை மெஷின் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன், ஜன்னல் திறந்திருந்தது என்றேன். நானாக மனம் திருந்திச் சொன்னது அல்ல. வேறு வழி இல்லாமல் சொன்னது. இதைப் படிக்கிறவர்கள் அந்த வித்தியாசத்தை எனக்காக மன்னித்துவிட வேண்டாம்.

அப்பாவும் அம்மாவும் கதவோரம் நின்றிருந்தார்கள். ஆங்கிலப் பேச்சு புரியவில்லை. மனைவி திரும்பி, நிறுத்தி நிறுத்தி, தமிழில் சொன்னாள். அம்மா சிறிது நேரம் என்னைப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

“அப்ப மஞ்சளு நல்ல மஞ்சளுதானா?”

ஆமாங்கம்மா என்றேன். அப்பா தான் போட்ட கருப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மனைவி அன்று இரவு சொன்னாள்: “என்கிட்ட பொய் சொன்னதைக்கூட விடுங்க. அத்தை முகத்தைப் பாத்துக்கிட்டு இத்தனை நாள் எப்படிங்க சாப்பிட்டீங்க?” இதற்குப் பதில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மஞ்சளின் பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வந்தது. கலப்படம் எதுவும் இல்லை. கண்மையும் சுத்தம். சொம்பு வெள்ளீயம்தான்.

சான்றிதழ் பெற்ற ஆட்கள் வந்து, வாசலைக் கனத்த பிளாஸ்டிக்கால் மூடி, தரையை நனைத்து நனைத்துப் பலகைகளைப் பெயர்த்தார்கள். மிதிபடுகிற தரை என்பதால் மேலே வேறு பெயிண்ட் பூசி மறைத்தால் நிற்காது. அந்த நான்கு நாளும் நண்பர் வீட்டில் இருந்தோம். ஜமக்காளம் பலகை பலகையாகக் கனத்த பைகளில் கட்டிப் போனது. அப்பா அங்கே இருந்து பார்க்க வேண்டும் என்றார். அனுமதி இல்லை என்றார்கள். 11-க்கு மருந்து கிடையாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தை 45-க்கு மேல் போனால்தான் யோசிப்பார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள உணவு கொடுப்பது, சாப்பிடும் முன் ஒவ்வொரு தடவையும் கை கழுவுவது, தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது. இவ்வளவுதான் செய்ய முடிந்தது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்புக்குள் போய்ச் சேர்ந்தது பல பத்து வருடம் அங்கேயே இருந்து மெதுவாகத் திரும்ப ரத்தத்துக்கு வரும். அவள் எண்கள் 11, 8, 6, 4.5 என்று இறங்கின. இரண்டு வயதுச் சோதனையில் 3.2. அந்தச் சோதனைக்குப் போனபோது, பழைய படிவத்தை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். ‘இல்லை’யை அடித்து ‘ஆம்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்ட் நம் வீட்டுக் கம்பிக் கதவிலும் ஜன்னல் சட்டத்திலும் ஊஞ்சல் பலகையிலும் தொட்டில் கட்டையிலும் இன்னும் இருக்கிறது. பொங்கலுக்குப் புதுசாக அடிக்க, பெயிண்டர் உப்புத்தாளை எடுத்து உலரத் தேய்ப்பார். பக்கத்திலேயே குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தையையும் கர்ப்பிணியையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். முடிந்ததும் துடைப்பம் போடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். மருத்துவர் கேட்டால், செய்ததைச் செய்தபடி சொல்லுங்கள்.

அம்மாவும் அப்பாவும் அந்த நவம்பரில் ஊர் திரும்பினார்கள். போவதற்கு முன் அம்மா பாப்பாவுக்குப் பழையபடி ஊட்டினார், கன்னத்தில் பொட்டும் வைத்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் முறுக்கு அனுப்புகிறார், கொள்ளுப்பொடி அனுப்புகிறார், பாப்பாவுக்குப் பாவாடை சட்டை அனுப்புகிறார். மஞ்சள் அனுப்புவதில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டேன். “அங்கயே வாங்கிக்க கண்ணு” என்கிறார்.